பழைய பிளஸ் 4ஐ குடுத்துட்டு புது பிளஸ் ஃபோர் எடுக்கலாமா?

ஏப்ரல் 3

நேரா விஷயத்துக்கு வரேன். என்கிட்ட இருக்கறது மோர்கன்ங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட பிளஸ் 4 ஸ்போர்ட்ஸ் கார், பழைய ஸ்டீல் சேஸி (வண்டியோட அடிச்சட்டம்), ஃபோர்டு 2 லிட்டர் இன்ஜின், மாஸ்டா எம்எக்ஸ்-5ல வர்ற அஞ்சு கியர் பெட்டி. டீலர் ஒருத்தர் இத எடுத்துக்கிட்டு மேல பணம் போட்டா பிளஸ் ஃபோர் தரேங்கறார், அதாவது 2020ல வந்த புது அலுமினிய சேஸி வண்டி. (நம்பர்ல 4னு போட்டா பழசு, எழுத்துல ஃபோர்னு போட்டா புதுசு, கம்பெனியே அப்படித்தான் பேர் வச்சிருக்கு, நானும் கீழ அப்படியே எழுதறேன், குழப்பிக்காதீங்க.) எனக்கு இந்த வண்டி மேல ஒரு குறையும் கிடையாது, ஆனா வீட்டம்மாவுக்கு முதுகு வலி, ஒரு மணி நேரத்துக்கு மேல இதுல உக்கார முடியல, போன வருஷத்துல இருந்து நான் மட்டும் தனியா போயிட்டு வரேன், அது எனக்கு பிடிக்கல. மாத்துனவங்க இருந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, மாத்துனதுக்கு அப்புறம் பழசு ஞாபகம் வந்துச்சா?

ஏப்ரல் 4

ஒருத்தர் எழுதியிருக்கார், "மரத்துல சேஸி பண்ண வண்டிய எவ்ளோ நாள் வச்சிருப்பீங்க, கரையான் அரிச்சிடும்"னு. ஐயா, சேஸி மரம் இல்ல. எங்க போனாலும் இதே பேச்சுதான். சேஸி ஸ்டீல், இசட் வடிவத்துல மடிச்ச ரெண்டு நீளமான ரெயில், குறுக்க சட்டங்க, அவ்ளோதான். 1936ல முதல் நாலு சக்கர மோர்கனுக்கு போட்ட அமைப்பு, 2020 வரைக்கும் நடுவுல நிறைய சின்னச் சின்ன மாத்தத்தோட வந்துச்சு. மரம் இருக்கறது அதுக்கு மேல, பாடிக்கு உள்ள இருக்கற சட்டம், ஆஷ் மரம். அது மேல தகடு. இதுல இன்னொண்ணு, புது பிளஸ் ஃபோர்லயும் அந்த ஆஷ் மரச் சட்டம் இருக்கு! மாறுனது அதுக்கு அடியில இருக்கற சேஸிதான்.

ஏப்ரல் 6

என்ன வித்தியாசம்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டீங்க. புதுசோட சேஸிய சிஎக்ஸ்னு கூப்புடறாங்க. ரோமன் எண்ணுல 110, கம்பெனிக்கு 110 வயசு ஆன 2019ல வந்ததால அந்தப் பேரு. முதல்ல அதுல வந்தது பிளஸ் சிக்ஸ், பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் இன்ஜின். அடுத்த வருஷம் பிளஸ் ஃபோர், அதுக்கு பிஎம்டபிள்யூ 2 லிட்டர் டர்போ, 255 குதிரைசக்தி. முறுக்கு விசை மேனுவல் கியர்னா 350 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்னா 400. என் வண்டி 154 குதிரைசக்திதான். ரெண்டுக்கும் எடை ஆயிரம் கிலோவ ஒட்டித்தான். அலுமினியத்த பசை போட்டு ஒட்டி பண்ண சேஸி, நூறு கிலோகூட வராது, ஆனா முறுக்குனா அசையாது. முன்ன பின்ன நாலு சக்கரமும் தனித்தனியா ஆடற சஸ்பென்ஷன், பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ். அப்புறமா வந்த வண்டிங்கள்ல ஏர்பேக், வண்டி சறுக்காம பாத்துக்கற இஎஸ்சி எல்லாம் சேர்த்தாங்க. காகிதத்துல பாத்தா பேசறதுக்கே ஒண்ணும் இல்ல, புதுசுதான்.

கதவுக்கு மேல கழட்டி மாட்ற சைடு ஸ்கிரீன் ஜன்னல் மட்டும் அங்கயும் இருக்கு. அதப் பாத்து எனக்கு கொஞ்சம் சந்தோஷம்.

ஏப்ரல் 6, ராத்திரி

முதுகு வலிக்கு காரணம் சீட்டான்னு கேட்டதுக்கு தனியா எழுதறேன், ஏன்னா இந்த வண்டியோட உயிரே அங்கதான் இருக்கு. பழைய மோர்கன்ல முன்சக்கரம் மேல கீழ போறதுக்கு கை மாதிரி எதுவும் கிடையாது. செங்குத்தா ஒரு தண்டு, அதான் கிங்பின். சக்கரத்த தாங்கற ஸ்டப் ஆக்ஸில் அந்த தண்டு மேலயே வழுக்கி ஏறி இறங்கும், மேல ஒரு பெரிய ஸ்பிரிங், கீழ ஒரு சின்னது. நிறுவனர் எச்.எஃப்.எஸ். மோர்கன் 1909ல பண்ண மூணு சக்கர வண்டியிலயே இந்த யோசனை இருந்துச்சு. சக்கரம் ஏறி இறங்கற தூரம் ரொம்ப கம்மி, அதனால ரோட்டுல இருக்கற சின்ன ஒட்டு கூட நேரா முதுகெலும்புக்கு வந்துடும். பின்னாடி பட்டை ஸ்பிரிங், ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து ஒரே ஆக்ஸில்.

அந்த கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கறது என் வேலை. ஆயிரம் மைல் ஓடிச்சுன்னா அடிச்சிடுவேன். ஜாக்கி போட்டு சக்கரத்த தரையில இருந்து தூக்கிடணும், வண்டி பாரம் அது மேல இருக்கும்போது அடிச்சா கிரீஸ் ஒரு பக்கமாவே போகும், தண்டச் சுத்தி இருக்கற புஷ் முழுக்க பரவாது. கிரீஸ் ஏத்தற நிப்பிள துணியால துடைச்சிட்டு கிரீஸ் கன்ன மாட்டி மெதுவா அழுத்தினா முதல்ல கருப்பா, பழைய அழுக்கோட வெளிய வரும். அழுத்திக்கிட்டே இருந்தா நிறம் மாறும். சுத்தமான கிரீஸ் எட்டிப் பாக்கறப்ப நிறுத்திடணும். இந்த வேலைய யாராச்சும் என்கிட்ட இருந்து வாங்கிடுவாங்களோங்கற பயம்தான் எனக்கு, நிஜமா சொல்றேன்.

ஏப்ரல் 11

ஓட்டிப் பாத்துட்டேன். பிளஸ் ஃபோர், மேனுவல்.

முதல் அஞ்சு நிமிஷம் வாயே திறக்கல நானு. என் வண்டில கதவு, டேஷ்போர்டு, கண்ணாடி மூணும் மேட்டுல தனித்தனியா நடுங்கும், இதுல எல்லாம் ஒரே துண்டா இருக்கு. பிரேக்க நம்பி அழுத்தலாம். வளைவுக்கு நடுவுல ஒரு பள்ளம் வந்தா என் வண்டி பின்பக்கத்த ஒரு அடி தள்ளி வைக்கும், அதுக்கு நான் முன்னாடியே தயாரா இருப்பேன், இதுல பள்ளம் வந்ததே தெரியல. மூணாவது கியர்ல சும்மா அழுத்தினா போதும், கேள்வியே கேக்காம கிளம்புது.

வீட்டம்மாவும் பக்கத்துல இருந்தாங்க. இறங்கினதும் "என்னங்க, இதுல எவ்ளோ தூரம் வேணாலும் வருவேன்"னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கே எடுத்திருக்கணும் நான்.

ஆனா திரும்பி வந்து என் வண்டில ஏறி வீட்டுக்குப் போனேன் பாருங்க, அப்பதான் இடிச்சுது. கிராமத்து ரோட்டுல இங்க பிரிட்டன்ல மணிக்கு 60 மைல்தான் சட்டம், வளைவு அதிகமா இருந்தா 45, 50தான் ஓட்டவே முடியும். என் வண்டில 45 மைல்ல போறப்ப ரெண்டு கையும் வேலையா இருக்கும், காது இன்ஜின் கிட்ட இருக்கும், எந்த கியர்ல நுழையறதுன்னு வளைவுக்கு முன்னாடியே முடிவெடுத்திருப்பேன். அந்த புது வண்டி 45 மைல்ல தூங்குது. அத எழுப்பணும்னா லைசென்ஸ் போயிடும். இது குறைன்னு சொல்ல மாட்டேன், நல்லா பண்ண வண்டி அப்படித்தான் இருக்கும், ஆனா எனக்கு சந்தோஷம் கிடைக்கற வேகம் வேற.

ஏப்ரல் 12

யோசிச்சு பாத்தா நேத்து எழுதுனதுல ஒண்ணு சரியா படல. நான் ஒப்பிட்டது எத எதோட? டீலர் நல்லா டியூன் பண்ணி, டயர் காத்து பாத்து, கழுவித் துடைச்சு வச்ச வண்டி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ரொம்ப வருஷமா கிங்பின் மாத்தாத, ஷாக் அப்சார்பர் எப்ப மாத்துனதுன்னே தெரியாத, நான் வாங்கும்போது இருந்த அதே டயரோட ஓடற வண்டி. அப்ப அது பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் நடந்த போட்டியே இல்ல. தேஞ்ச வண்டிக்கும் தேயாத வண்டிக்கும் நடந்த போட்டி.

பழச விக்கறதுக்கு முன்னாடி அது எப்படி இருக்கணுமோ அப்படி ஆக்கி ஒருதடவை ஓட்டிடணும்னு தோணுது. அப்புறமும் புதுசுதான் வேணும்னு பட்டா கண்ண மூடிட்டு மாத்திடலாம்.

ஏப்ரல் 15

மேல ஒரு அண்ணன் "காலத்தோட மாறணும், கம்பெனியே மாறிடுச்சு, நீங்க ஏன் பிடிச்சு தொங்கறீங்க"ங்கறார். அண்ணே, கம்பெனி மாறுன கதைய கேளுங்க, சுவாரசியமா இருக்கும்.

1963ல பிளஸ் 4 பிளஸ்னு ஒண்ணு விட்டாங்க. அதே சேஸி, அதே ஓட்டம், மேல மட்டும் ஃபைபர் கிளாஸ் பாடி, வளைஞ்ச கூரை, அந்தக் காலத்துக்கு ரொம்ப மாடர்ன். 1967 வரைக்கும் வித்தது மொத்தமே 26 வண்டி. மோர்கன் வாங்கறவங்களுக்கு அது மோர்கனா தெரியல, மாடர்ன் கார் வேணும்ங்கறவங்களுக்கு அது போதல. அதுக்கப்புறம் பெரிய மாத்தம்னு கைய வைக்க 2000 வரைக்கும் ஆச்சு, ஏரோ 8, அதுதான் அலுமினிய சேஸில முதல் மோர்கன், பிஎம்டபிள்யூ வி8 போட்டது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. 1962ல பிரான்ஸ்ல நடந்த லே மான் 24 மணி நேர பந்தயத்துல ஒரு பிளஸ் 4 தன்னோட 2 லிட்டர் பிரிவுல ஜெயிச்சுது, நம்பர் பிளேட் டிஓகே 258. ஓட்டுனது கிறிஸ் லாரன்ஸும் ரிச்சர்ட் ஷெப்பர்ட்-பேரனும். அந்த கிறிஸ் லாரன்ஸ்தான் பிற்காலத்துல ஏரோ 8ஐ உருவாக்குனதுல முக்கியமான ஆளு! கிங்பின் வண்டிய வச்சு லே மான்ல ஜெயிச்ச மனுஷனே அலுமினியத்துக்கு போனார்னா அதுல அர்த்தம் இருக்கு. அதனால அண்ணன் சொல்றது தப்பில்ல. ஆனா ஏரோ 8 வந்ததுக்கு அப்புறமும் இருபது வருஷம் ஸ்டீல் சேஸி வண்டியும் அதே மால்வெர்ன் தொழிற்சாலையில பக்கத்துலயே செஞ்சுக்கிட்டுதான் இருந்தாங்க. வாங்கறவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

2020ல அது நின்னு போச்சு. இதுதான் என்னை உறுத்தறது. புதுச வாங்கி பிடிக்கலன்னா வித்துட்டு வேற எடுக்கலாம். பழச வித்துட்டா, இதே வண்டி, இத்தன வருஷம் எனக்கு பழகுன வண்டி, திரும்பி வராது.

ஏப்ரல் 16

பண விஷயம் கேட்டவருக்கு சுருக்கமா. பிரிட்டன்ல 2017 ஏப்ரலுக்கு அப்புறம் பதிவான, பட்டியல் விலை 40,000 பவுண்டுக்கு மேல இருந்த பெட்ரோல் வண்டிக்கு ரெண்டாவது வருஷத்துல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ரோடு டாக்ஸ் மேல கூடுதல் வரி உண்டு. பிளஸ் ஃபோர் அதுல விழும். நீங்க செகண்ட் ஹாண்ட்ல கம்மியா வாங்குனாலும் அரசாங்கம் பாக்கறது புதுசா இருந்தப்ப இருந்த விலையத்தான். அதனால பதிவான தேதி பாத்து வாங்குங்க, ஆறு வருஷம் தாண்டுன வண்டின்னா அந்த கூடுதல் கழண்டுடும். இன்சூரன்ஸ் உங்க வயசு, வீடு, மைல் பொறுத்தது, என்னோடத சொல்லி பிரயோஜனம் இல்ல.

ரிப்பேர் செலவு: பழசுக்கு அடிக்கடி சின்னச் சின்னதா வரும், பாதி நம்மளே பாத்துக்கலாம். புதுசுக்கு அபூர்வமா வரும், வந்தா லேப்டாப் மாட்டாம கை வைக்க முடியாது.

ஏப்ரல் 27

கிங்பின் வேலைக்கு வண்டிய விட்டுட்டேன். விடறதுக்கு முன்னாடி நானே ஒருதடவை பாத்தேன். முன்பக்கம் தூக்கி, சக்கரத்த மேல ஒரு கை, கீழ ஒரு கை பிடிச்சு உள்ள வெளிய ஆட்டுனா இடது பக்கம் "டொக், டொக்"னு சத்தம். இன்னொருத்தர பிரேக்க அழுத்திப் பிடிக்கச் சொல்லிட்டு ஆட்டிப் பாருங்க, அப்பவும் ஆடுச்சுன்னா வீல் பேரிங் இல்ல, கிங்பின்தான். வண்டி ரோட்டுக்கு லாயக்கான்னு பாக்கற எம்ஓடி பரிசோதனையிலயும் இத பாப்பாங்க, ஆட்டம் அதிகமா இருந்தா பாஸ் போட மாட்டாங்க.

வேலை பாக்கற பெரியவர் வாழ்க்கை முழுக்க இதே வண்டிங்கதான் பாத்திருக்கார். பழைய தண்ட கழட்டி என் கையில குடுத்தார். நடுவுல நகத்த வச்சு மேல இருந்து கீழ இழுங்கன்னார். நகம் ஒரு இடத்துல இறங்கி ஏறுச்சு, அவ்ளோ தேய்மானம், கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, பளபளன்னு இருந்துச்சு. புது தண்டுக்கு கடின குரோம் பூசுனது வாங்குனோம். வெண்கல புஷ் உள்ள அடிச்சதும் அப்படியே மாட்டக் கூடாது, மேல கீழ ரெண்டும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி ரீமர் விட்டு கடையணும், அங்க அவசரப்பட்டா ஸ்டீயரிங் இறுகிடும்னார். ரெண்டு தடவ போட்டுப் பாத்து, கழட்டி, மறுபடி கடைஞ்சார். நான் கூடவே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

முன்னாடியும் பின்னாடியும் ஷாக் அப்சார்பரும் புதுசு. டயரும் மாத்தியாச்சு.

மே 9

வண்டி வந்துடுச்சு. அதே டெஸ்ட் டிரைவ் ரோட்டுலயே ஓட்டுனேன், வேணும்னேதான்.

முன்பக்கம் வேற வண்டி. டேஷ்போர்டு நடுக்கம் முழுசா போகல, ஆனா இப்ப அது எப்பவாச்சும்தான். பெரிய ஆச்சரியம் ஸ்டீயரிங்தான். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, கனமாத்தான் இருக்கும்னு நான் ஏத்துக்கிட்டிருந்தேன். பாதி கனம் தேஞ்ச புஷ்ஷோடதுன்னு இப்பதான் தெரியுது. வளைவுல இருந்து வெளிய வரும்போது ஸ்டீயரிங் தானா நடுவுக்கு திரும்புது. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கு, பள்ளத்துல தூக்கிப் போடுது, புது ஷாக்ல கொஞ்சம் சீக்கிரம் அடங்குது, அவ்ளோதான். புது வண்டி கிட்ட நிக்க முடியுமான்னா சொகுசுல முடியாது, கிட்டயே வராது.

வீட்டம்மாவ ஏத்திக்கிட்டுப் போனேன். "முன்னாடிக்கு பரவால்ல"ன்னாங்க. அந்த "பரவால்ல"ய கேட்டு எனக்கு மனசு இறங்கிடுச்சு.

மே 10

நேத்து எழுத விட்டுப் போனது. திரும்பி வரும்போது அவங்க, "ஸ்டீயரிங் லேசாயிடுச்சுங்கறீங்களே, நான் ஓட்டிப் பாக்கட்டுமா"ன்னாங்க. இந்த வண்டிய அவங்க இதுவரைக்கும் ஓட்டுனதே இல்ல, ஸ்டீயரிங் கனம்னு தொட மாட்டாங்க. சரின்னு குடுத்தேன். நான் பக்கத்து சீட்ல.

நானும் என் வண்டில பக்கத்து சீட்ல உக்காந்தது இல்ல. பள்ளம் எப்ப வரும்னு தெரியாது, பிடிக்க ஒண்ணும் கிடையாது, காலுக்கு முட்டு குடுக்க பெடலும் இல்ல. ஓட்டறவங்களுக்கு ஸ்டீயரிங்கே பிடிமானம், உடம்பு முன்கூட்டியே இறுகிடும். பக்கத்துல இருக்கறவங்க அப்படியே வாங்கிக்கணும். சீட் வேற நடுவுல அமுங்கிப் போய் அடிப்பலகை இடிக்குது. நான் உக்கார்ற சீட்டு நல்லா இருக்கு, அது மட்டும் எப்படி இப்படி ஆச்சுன்னு தெரியல. இத்தன நாளா அவங்க சொன்னது முதுகு வலின்னு எனக்கு கேட்டுச்சு, சீட்டுன்னு கேக்கல.

அவங்க நல்லா ஓட்டுனாங்க. ரெண்டாவதுல இருந்து மூணாவது போடறப்ப ஒரு சிரிப்பு. இறங்கினப்ப முதுகப் பத்தி அவங்க பேசவே இல்ல, நானாதான் கேட்டேன். "ஓட்டும்போது தெரியலங்க"ன்னாங்க.

மே 12

பழசு வாங்கலாமான்னு தனியா கேட்ட தம்பிக்கு. கதவ திறந்து ஓரத்த லேசா தூக்கிப் பாருங்க. கீல் பக்கம் ஆடுச்சுன்னா ஒண்ணு கீல், இல்ல கீல் மாட்டுன மரத்தூண். மூடும்போது கதவு இடுக்கு மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கணும். பின்சக்கரத்துக்கு முன்னாடி, கதவுக்கு கீழ, ரோட்டுத் தண்ணி தெறிக்கற இடத்துல மரத்த விரலால அழுத்துங்க, மெத்துனு இருந்தா விலகிடுங்க. குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போட்டப்ப ஓட்டுன வண்டியான்னு கட்டாயம் கேளுங்க, மரத்த விட ஸ்டீலுக்குத்தான் அது ஆபத்து. ஸ்போக் வீல்னா ஒவ்வொரு கம்பியா சின்ன ஸ்பேனரால தட்டிப் பாருங்க, மணி மாதிரி சத்தம் வரணும், மழுங்கலா வந்தா அது தளர்ந்து போச்சு.

கிரீஸ் அடிச்ச கணக்கு எழுதி வச்சிருக்காரான்னு பாருங்க. அது எழுதி வச்சிருக்கறவர் மத்ததையும் பாத்திருப்பார்.

மே 17

டீலர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். நல்ல மனுஷன், வருத்தப்படல, எப்ப வேணாலும் வாங்கன்னார்.

புதுசு மட்டம்னு யாரும் எடுத்துக்காதீங்க. தினமும் ஓட்டணும், தூரம் போகணும், வண்டி ஒண்ணுதான் வச்சிருக்கோம்னா பிளஸ் ஃபோரே எடுங்க, மேனுவலா எடுங்க. எங்களுக்கு தினப்படிக்கு வேற வண்டி இருக்கு, இது ஞாயித்துக்கிழமை வண்டி. அதுக்கு 45 மைல்ல உயிரோட இருக்கற வண்டி போதும்.

சீட்ட கழட்டி தோல் வேலை பாக்கறவர்கிட்ட குடுத்திருக்கேன், உள்ள ஸ்பாஞ்சு மாத்தி, இடுப்புக்கு கொஞ்சம் முட்டு வர்ற மாதிரி கேட்டிருக்கேன். பாசஞ்சர் பக்கம் கால் வைக்க ஒரு சாஞ்ச பலகையும் போடப் போறேன், அத யாராச்சும் செஞ்சிருந்தா எந்த கோணத்துல வச்சீங்கன்னு சொல்லுங்க. பாதி தூரம் அவங்க ஓட்டறதா ஏற்பாடு, அதனால அந்த சீட்ல உக்காரப் போறவங்கள்ல நானும் ஒருத்தன்.